மூணாறுக்குச் சாக்லேட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சனி, ஞாயிறு வந்தால் சாக்லேட்டுக்காகவே மலையேறும் அன்பர்களுக்கு,

ராசிங்காபுரத்திலிருந்து எழுதுகிறேன். தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. எங்களுக்கு மேற்கே நிற்கிற மலையின் தலைமேட்டில் கேரளம் தொடங்குகிறது. அங்கே ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் யாரை நிறுத்தி விசாரித்தாலும், அவர் வீட்டில் ஒருவர் தோட்டத்தில் காய் எடுத்திருப்பார், இல்லாவிட்டால் போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியிருப்பார்.

நீங்கள் எங்கள் வழியாகத்தான் போகிறீர்கள். போடியில் டீ குடித்து, முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டில் பனியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, பூப்பாறை, தேவிகுளம் என்று மூணாறுக்குப் போய்ச் சேருகிறீர்கள். மறுநாள் இறங்கும்போது பின்சீட்டில் பளபளவென்ற தாளில் சுற்றிய 'ஹோம் மேட்' சாக்லேட் பொட்டலங்கள். முந்திரி போட்டது, பாதாம் போட்டது, உலர்திராட்சை போட்டது, வெள்ளை, கறுப்பு, இரண்டும் கலந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு. திங்கட்கிழமை அது முடிந்துவிடும்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது என்ன என்று பேசத்தான் இந்த மடல். அதோடு, நிஜமான சாக்லேட் காய்க்கிற மரம் நீங்கள் திரும்பிவிடுகிற இடத்திலிருந்து இன்னும் 30 கிலோமீட்டர் கீழேதான் நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. மலை ஊர்களில் ஏன் சாக்லேட்? ஊட்டியில் 1942-லேயே கிங் ஸ்டார் என்ற கடை வந்துவிட்டது. பிறகு கொடைக்கானல், குன்னூர், மூணாறு, குமுளி என்று எல்லா மலை ஊர்களிலும் சாக்லேட் கடைகள். ஊட்டியில் கொக்கோ மரம் காய்ப்பதில்லை, மூணாறிலும் காய்ப்பதில்லை. அப்படியும் கடைகள் வந்ததற்குக் காரணம் குளிர். சாக்லேட்டின் உயிர் கொக்கோ பட்டர் என்கிற கொழுப்பு. அது 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஏசி இல்லாத காலத்தில், சித்திரை வைகாசியில் மதுரையிலோ தேனியிலோ ஒருவர் சாக்லேட் வார்த்து வைத்தால் அது கடைசிவரை கூழாகத்தான் இருக்கும். மலையில் அச்சில் ஊற்றி ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், தானே இறுகும். மலை ஊருக்கும் சாக்லேட்டுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். மரம் கொடுத்த உறவு இல்லை, குளிர் கொடுத்தது.

அந்தக் குளிரை நம்பி அன்றைக்கு உழைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்றைக்குக் கடைத்தெருவில் நடப்பது வேறு. பெரும்பாலான கடைகளுக்கு 'காம்பவுண்ட்' என்கிற கட்டி பெட்டி பெட்டியாக வெளியிலிருந்து வருகிறது. கொக்கோ தூளும் சர்க்கரையும் இருக்கும், ஆனால் கொக்கோ பட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பனங்கொட்டை எண்ணெய் போன்ற வேறு தாவரக் கொழுப்பு. அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேல் வைத்து உருக்கி, பருப்பு கலந்து, அச்சில் ஊற்றி, ஆறியதும் தாளில் சுற்றினால் 'ஹோம் மேட்'. வீட்டில் நடந்த வேலை உருக்கியதும் சுற்றியதும்தான்.

ஏன் அப்படி? கொக்கோ பட்டர் விலை அதிகம், அதைவிட அதன் வீம்பு அதிகம். உருக்கிச் சும்மா ஆறவிட்டால் பளபளப்பு வராது, மேலே சாம்பல் பூத்துவிடும். 45 டிகிரிக்குச் சூடாக்கி, 27 டிகிரி வாக்கில் இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்றி, இடைவிடாமல் கிளறிக்கொண்டே இருந்தால்தான் உடைக்கும்போது 'டக்' என்று சத்தம் தருகிற சாக்லேட் கிடைக்கும். இதற்குக் கை பழக வேண்டும். காம்பவுண்டுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. வெயிலிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். பொட்டலத்தில் லேபிள் இருந்தால் பொருள்களின் வரிசையைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். கொக்கோ பட்டர் என்ற பெயர் இல்லாமல் ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்று இருந்தால் கதை முடிந்தது. தட்டில் குவித்து எடைபோட்டுக் கொடுக்கிற கடையில் லேபிள் இருக்காது, கேளுங்கள். கேட்டும் பதில் வராவிட்டால் நாக்கைக் கேளுங்கள். கொக்கோ பட்டர் வாயின் சூட்டிலேயே கரைந்து தொண்டைக்குள் போய்விடும். மற்றது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் குடித்தாலும் போகாது.

காம்பவுண்ட் விஷம் இல்லை. குழந்தைகள் ஆசையாய்த் தின்கிற பண்டம். அதை மிட்டாய் விலைக்கு மிட்டாயாக வாங்குங்கள். சாக்லேட் விலை கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இனி மரத்துக்கு வருவோம். கொக்கோ உஷ்ணப் பிரதேசத்துச் செடி. அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும், தலைக்கு மேல் நிழலும் வேண்டும். மூணாறு 1,500 மீட்டர் உயரம். அங்கே மார்கழிப் பனியில் கொக்கோ நிற்காது. ஆனால் கொச்சி நெடுஞ்சாலையிலேயே மேற்கே இறங்கி அடிமாலிக்குப் போய்விட்டால் காற்றே மாறிவிடும். ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். அங்கேயும், அதற்குத் தெற்கே கம்பிளிகண்டம், முரிக்காசேரிப் பக்கமும் வீட்டுக் கொல்லையில், பாக்குமரத்துக்கும் தென்னைக்கும் அடியில், மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் கொக்கோ நிற்கிறது. தனித் தோட்டமாகப் பார்ப்பது அபூர்வம்; மற்ற மரங்களின் நிழலில் பத்து மரம், ஐம்பது மரம் என்று ஒண்டிக்கொண்டிருக்கும். அடிமாலியில் கொக்கோ வாங்குகிற மலஞ்சரக்குக் கடைகள் உண்டு. மலஞ்சரக்கு என்றால் மிளகு, ஏலம், ஜாதிக்காய், கிராம்பு என்று மலையில் விளைகிற எல்லாம்.

உலகத்தில் மரமும் சாக்லேட்டும் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக அமைவது அரிது. மரம் இருக்கிற ஊர் சூடாக இருக்கும், அங்கே சாக்லேட் நிற்காது. சாக்லேட் நிற்கிற ஊர் குளிராக இருக்கும், அங்கே மரம் நிற்காது. அதனால்தான் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் காய் பறிக்கிறார்கள், பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் சாக்லேட் செய்கிறார்கள். நடுவில் ஒரு கடல். இங்கே இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணி நேரத்துக் காட்டுரோடு. சாக்லேட் பிரியர்களுக்கு இதைவிட நல்ல இடத்தை எப்படி அமைத்துத் தருவது?

கொக்கோவை முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் காயைக் கிளைநுனியில் தேடுவார்கள். அது பலா போல அடிமரத்தின் பட்டையிலேயே காய்த்துத் தொங்கும். ஒரு சாண் நீளம், நெடுக வரிப்பள்ளம் ஓடிய தடித்த தோல். பச்சையிலிருந்து மஞ்சளாகப் பழுப்பது ஒரு ரகம். செங்காயாக இருந்து ஆரஞ்சுக்கு வருவது இன்னொன்று. பழுத்ததை ஆட்டினால் உள்ளே கொட்டை அசைவது கைக்குத் தெரியும். தோட்டக்காரர் அதை உடைக்கக் கத்தி எடுக்கமாட்டார். கத்தி ஆழமாகப் போனால் கொட்டை வெட்டுப்பட்டு பூஞ்சணம் பிடிக்கும். கட்டையால் காயின் இடுப்பில் ஓங்கி ஒரு தட்டு. கீறல் விட்டதும் இரண்டு கையாலும் முறுக்கிப் பிரிப்பார். மேல்பாதி தனியாக வந்துவிடும். கீழ்ப்பாதியில் நடுத்தண்டைச் சுற்றி, வெள்ளைச் சதை போர்த்திய கொட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எண்ணினால் 30-லிருந்து 45 வரை இருக்கும்.

அதில் ஒன்றை வாயில் போட்டுச் சப்புங்கள். புளிப்பும் இனிப்பும் கலந்து, சீத்தாப்பழத்துக்கும் மங்குஸ்தானுக்கும் நடுவில் ஒரு ருசி. அணிலும் எலியும் மரநாயும் ராத்திரியில் காயைக் குடைவது இந்தச் சதைக்காகத்தான். கொட்டையைக் கடித்துவிடாதீர்கள், அல்லது தெரிந்தே ஒரு தடவை கடியுங்கள். உள்ளே கத்தரிப்பூ நிறம். கசப்பும் துவர்ப்பும் நாக்கை இழுத்துப் பிடிக்கும். சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்றால், அழுகலிலிருந்து. கொட்டையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிடுகிறார்கள். சதை கரைந்து சாறாக வடியும். முதலில் கள்வாடை, பிறகு காடிவாடை. குவியலுக்குள் கையை விட்டால் சுடும்; 45, 50 டிகிரி வரை தானே ஏறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். இந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் கொட்டை செத்து, உள்ளே கத்தரிப்பூ நிறம் மாறிப் பழுப்பாகி, துவர்ப்பு அடங்கும். பிறகு வெயிலில் ஒரு வாரம் காயவேண்டும். மழைக்காலத்தில் இடுக்கியில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் சிறு விவசாயிகள் நிறையப் பேர் பச்சைக் கொட்டையாகவே வியாபாரியிடம் போட்டுவிடுகிறார்கள். சரியாகப் புளிக்காத கொட்டையை எந்தச் சுவிஸ்காரராலும் சாக்லேட்டாக்க முடியாது. சாக்லேட்டின் ருசியில் பாதி தோட்டத்துப் பெட்டியிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த மரம் இங்கே வந்த கதையும் தெரிந்திருக்கட்டும். 1965-ல் கேட்பரி நிறுவனம் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் போட்டு, மலையாள விவசாயிகளிடம் கொக்கோ நடச் சொன்னது. நட்டார்கள். 1980 வாக்கில் விலை விழுந்தது, வாங்க ஆளில்லை, நட்டவர்களே கோடாலி எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ கொள்முதலில் இறங்கியது. 1986-ல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே வைத்தது. விவசாயிகள் சேர்ந்து சாக்லேட் ஆலை நடத்துவது நம் நாட்டில் நடந்த காரியம் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2024-ல் இன்னொரு கூத்து. மேற்கு ஆப்பிரிக்காவில் மழை கெட்டு, மரத்துக்கு நோய் வந்து, உலகமே கொக்கோவுக்கு அலைந்தது. இடுக்கியில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. டிசம்பரில் நியூயார்க் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. வெட்டிய கொல்லையிலெல்லாம் மறுபடி கன்று நட்டார்கள். 2025-ல் விலை இறங்கிவிட்டது. ஏலக்காய்க்காரர்களான எங்களுக்கு இது பழகிய ஆட்டம். 2019 ஆகஸ்டில் இடுக்கிப் புற்றடி ஏலக்கூடத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த விலையை நம்பி நிலம் வாங்கியவர்கள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏலக்காய் என்றதும் போடிக்கு வரவேண்டியிருக்கிறது. மலையில் விளைந்த எதுவும் கடைசியில் போடிக்குத்தான் இறங்கும். நூறு வருஷத்துக்கு முன்பு மூணாறுத் தேயிலையே டாப் ஸ்டேஷன்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வண்டியேறியது. 1924 வெள்ளம் அந்த மலைரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-ல் போடிக்கே ரயில் வந்தது. 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ரயில் என்ற ஒன்று எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில்தான். 2023 ஜூன் 15-ந் தேதி திரும்ப வந்தது. வாரத்தில் மூன்று நாள் சென்னை சென்ட்ரலுக்கே நேர் வண்டி. வெள்ளி ராத்திரி சென்னையில் ஏறினால் சனி காலை போடி; ஞாயிறு ராத்திரி போடியில் ஏறினால் திங்கள் காலை சென்னை. சாக்லேட்டுக்காகப் போட்ட அட்டவணை மாதிரியே அமைந்திருக்கிறது. நேரம் மாறக்கூடும், டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சனிக்கிழமை வந்து இறங்கினால், நான் சொல்கிற வழி இது. போடியில் காலைப் பலகாரம் முடித்து மலையேறுங்கள். போடிமெட்டில் வேடிக்கை பத்து நிமிஷம் போதும். பூப்பாறையில் மூணாறு ரோட்டை விட்டுவிட்டு ராஜாக்காடு, வெள்ளத்தூவல் வழியாக அடிமாலிப் பக்கம் போங்கள். முதல் பாதி முழுக்க ஏலத்தோட்டம். உயர்ந்த மரங்களின் நிழலில், செடியின் அடித்தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய் இருக்கும். பறிக்கிறவர்கள் நாளெல்லாம் குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். ஒருநாள் குனிந்து பார்த்தால்தான் பாயசத்தில் ஏலக்காயைத் தூக்கிப்போடும்போது கை கூசும். வழியில் ஏதாவது ஸ்டோரில் புகை தெரிந்தால் இறங்கிக் கேளுங்கள். பச்சைக்காயை அங்கே ஒரு ராத்திரி, ஒரு பகல் சூட்டில் உலர்த்துவார்கள். ஐந்து கிலோ போட்டால் ஒரு கிலோ தேறும். சூடு கூடினால் நிறம் போய்விடும் என்று ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் காவல் இருப்பார்.

உயரம் குறையக் குறைய ஏலம் மறைந்து பாக்கும் ஜாதிக்காயும் கொக்கோவும் வரும். மத்தியானத்துக்குமேல் அடிமாலியைச் சுற்றி ஏதாவது வீட்டுத் தோட்டம். தங்கும் விடுதிக்காரர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் தோட்டம் காட்டுகிற வீடு கிடைத்துவிடும். ராத்திரி அங்கேயே தங்குங்கள். மூணாறைவிட வாடகையும் குறைவு, ஹாரன் சத்தமும் குறைவு. ஞாயிறு காலையில் மூணாறு ஏறுங்கள். அப்போது அந்தக் கடைத்தெரு உங்களுக்கு வேறாகத் தெரியும். நல்ல சாக்லேட் செய்கிற கடையும் இருக்கிறது, தேடுங்கள். எந்தக் கொட்டை, எந்தத் தோட்டம், கொக்கோ எத்தனை சதவீதம் என்று கேட்டால் முகம் மலர்கிறவர் கடையில் வாங்குங்கள். பிறகு தேவிகுளம், கேப் ரோடு வழியாகப் போடிக்கு இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் சுற்ற முடியாத முதியவர்களோடு வருகிறவர்கள் குமுளிக்குப் போகலாம். அங்கே டிக்கெட் வாங்கி உள்ளே விடுகிற நறுமணத் தோட்டங்களில் கொக்கோ மரத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள். கொஞ்சம் நாடகத்தனம் இருக்கும், கடைசியில் எண்ணெய் பாட்டில் விற்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கம்பம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று வந்தால் இளையராஜா பிறந்த மண்ணையும் பார்த்துவிட்டு ராசிங்காபுரத்தைத் தாண்டித்தான் போடி போவீர்கள். கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்க மறக்காதீர்கள்.

ஊட்டியும் கொடைக்கானலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகவேண்டியிருக்கிறது. அதோடு, மரத்தையும் சாக்லேட்டையும் ஒரே பயணத்தில் பார்க்க அங்கே வழியில்லை. பொள்ளாச்சிப் பக்கம் வருகிறவர்களுக்கு ஆனைமலை அடிவாரத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ உண்டு. அங்கே விளைந்த கொட்டையிலேயே சொக்லெட் என்ற பெயரில் சாக்லேட் செய்கிறார்கள். ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ இருக்கிறது. கொச்சியில் பால் அண்ட் மைக். சாக்லேட் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிற காலம் போய்விட்டது.

இந்த இடத்தில் தமிழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்கிற சின்னப் பட்டறைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகியபோது அவர்களுக்குக் கையடக்கமான அரைவை இயந்திரம் கிடைக்கவில்லை. பெரிய ஆலைக்கான இயந்திரம் லட்சக்கணக்கில். கடைசியில் அவர்கள் கைக்கு வந்தது நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். தோசைமாவு அரைக்கிற அதே கல். வறுத்து உமி நீக்கிய கொக்கோவைப் போட்டால் கல் உரசுகிற சூட்டிலேயே கொழுப்பு உருகி, தூளாக இருந்தது குழம்பாகி, சர்க்கரை போட்டு ஒருநாள், இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டால் நாக்கில் மணல் தட்டாத சாக்லேட். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் மொத்தமும் கட்டிப்போகும். வீட்டில் முயல்கிறவர்கள் கிரைண்டரைக் கழுவி இரண்டு நாள் காயவைத்த பிறகு இறங்குங்கள். அம்மாவிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

போடியில் ரயிலுக்கு முன்பு கிடைக்கிற நேரத்தில் நூறு கிராம் ஏலக்காய் வாங்குங்கள், போதும். ஸ்பைசஸ் போர்டு ஏலக்கூடத்தில் மாதிரியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரில் விலை கேட்பார்கள். அது பதிவுபெற்ற வியாபாரிகளுக்கான இடம், உங்களுக்குக் கடைதான். எட்டு மில்லிமீட்டர் காய் என்று கேட்டால் பெரிய காய் வரும், விலையும் கூடவே வரும். வீட்டுக்கு அதற்கு அடுத்த ரகம் தாராளம். பளீரென்ற பச்சையைக் கண்டு மயங்காதீர்கள். நாலு காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பச்சை இறங்கினால் சாயம். காயைப் பிளந்து பாருங்கள். விதை கறுப்பாக, பிசுபிசுப்போடு இருந்தால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். ஊருக்குப் போய், சூடான பாலில் நல்ல கறுப்புச் சாக்லேட்டைச் சீவிப்போட்டு, இரண்டு காயின் விதையை மட்டும் அப்போதே தட்டிச் சேர்த்துக் குடித்துப் பாருங்கள். ஏலம் சாக்லேட்டின் கசப்பைத் தூக்கிக்கொடுக்கும், அமுக்காது. பட்டையும் வனிலாவும் அதைச் செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம். ஏலக்காய் ஊர்க்காரன் சொல்வதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் போடி வியாபாரிகளிடமும் இந்தச் சாக்கில் ஒரு வார்த்தை. ஏலக்காய் நம்மிடம் இருக்கிறது, கொக்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கிரைண்டர் கோயம்புத்தூரில் இருக்கிறது, இப்போது ஏசியும் இருக்கிறது. போடி ஏலக்காய் போட்ட நல்ல சாக்லேட் ஒன்றை ரயில் நிலையத்து வாசலில் விற்க ஏன் ஒருவரும் துணியவில்லை? கூட்டம் நம் தெரு வழியாகத்தானே போகிறது, அண்ணாச்சிகளே.

எப்போது வருவது என்று கேட்பீர்கள். சித்திரை, வைகாசியில் வேண்டாம். வாங்கிய சாக்லேட் போடி இறங்குவதற்குள் பாயசமாகிவிடும். ஆனி, ஆடியில் இடுக்கிப் பக்கம் கொட்டுகிற மழையில் கொக்கோக்காய் கறுத்து அழுகும், தோட்டக்காரருக்கும் உங்களோடு பேச மனசிருக்காது. ஏலம் எடுப்பும் கொக்கோ அறுப்பும் சேர்ந்து வருவது புரட்டாசியிலிருந்து தை வரை. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் போடிமெட்டு ரோட்டில் பாறை சரியும் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். புரட்டாசியும் மார்கழிக் கடைசியும் உத்தமம். வாங்கிய நல்ல சாக்லேட்டை டிக்கியில் வைக்காமல் உங்கள் காலடியில், ஏசிக் காற்றுபடும் இடத்தில் வையுங்கள். வழியில் உருகி இறுகி மேலே வெள்ளை பூத்தால் பூஞ்சணம் என்று தூக்கிப்போட வேண்டாம், அது மேலே வந்த கொழுப்பு. ருசி கொஞ்சம் மட்டுப்படும், தின்னலாம்.

இரண்டு விண்ணப்பங்களோடு முடிக்கிறேன். காலை ஆறு மணிவாக்கில் மலையேறினால், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் வரிசையாக வரும். அதில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் ஊர்ப் பெண்கள். விடியுமுன் சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஏறியவர்கள். சாயங்காலம் அதே ரோட்டில் இறங்குவார்கள். வளைவில் அவர்களை முந்தப் பார்க்காதீர்கள், ஒதுங்கி வழி விடுங்கள்.

அடுத்தது, கொக்கோத் தோட்டத்துக்குள் போனால் ஆசைப்பட்டுக் காயை நீங்களே முறுக்கிப் பறிக்காதீர்கள். அடிமரத்தில் காய் பிடித்திருக்கிற அதே மேட்டில்தான் அடுத்த வருஷமும் பூ வரவேண்டும். பட்டையோடு பிய்ந்து வந்தால் அந்த இடம் அதோடு மலடு. காம்பைக் கத்தியால்தான் அறுக்க வேண்டும். தோட்டக்காரரிடம் கேளுங்கள், பழுத்ததாகப் பார்த்து அவரே ஒன்று அறுத்துத் தருவார்.

இப்படிக்கு,
ராசிங்காபுரத்திலிருந்து ஓர் ஏலக்காய் வீட்டுக்காரன்